119 தோல்விக்கு அப்புறம் ராக்கீஸை எங்கிருந்து கட்ட ஆரம்பிக்கிறது?

அல்சூர்வாசி (கேள்வி)

டென்வர்ல ராத்திரி ஆட்டம் 6:40-க்கு ஆரம்பிச்சா நமக்குக் காலை 6:10. பெங்களூரு மெட்ரோ பர்ப்பிள் லைன்ல உட்கார இடம் கிடைக்கறதுக்குள்ள ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும். அமெரிக்க பேஸ்பால் அணி கொலராடோ ராக்கீஸின் 2025 அப்படித்தான் இருந்தது.

கணக்கை ஒருதரம் வரிசையா வைக்கிறேன். 2023-ல 59 வெற்றி, 103 தோல்வி. 2024-ல 61-101. 2025-ல 43-119. அடிச்ச ரன்னுக்கும் விட்ட ரன்னுக்கும் வித்தியாசம் மைனஸ் 424. 1900-க்குப் பிறகு யாரும் இவ்வளவு ஆழத்துக்குப் போனதில்லை. மே மாசம் 7-33-ல இருந்தப்ப மேனேஜர் பட் பிளாக்கை அனுப்பினாங்க. சீசன் முடிஞ்சதும் ஜெனரல் மேனேஜர் பில் ஷ்மிட் விலகினார். நவம்பர்ல அணியைக் கட்டுற பொறுப்புக்கு பால் டிபோடெஸ்டாவைக் கொண்டுவந்தாங்க.

எனக்குத் தோணுறது நேரான வழி. 27 வயசுக்கு மேல விலைபோகிற எல்லாரையும் வித்துடணும், இன்னும் ரெண்டு வருஷம் 100 தோல்வியைத் தாங்கிக்கணும், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவச்சு எடுக்கிற டிராஃப்ட்ல, தோத்ததுக்குப் பலனா, முதல் ரெண்டு மூணு இடத்துல நல்ல பையன்களை எடுக்கணும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011-ல இருந்து 2013 வரைக்கும் 106, 107, 111-னு மொத்தம் 324 ஆட்டம் தோத்தாங்க. 2015-ல பிளேஆஃப், 2017-ல கோப்பை. (எதிரணி சைகையைத் திருடிக் குப்பைத்தொட்டி தட்டுன விவகாரத்தை இங்க இழுக்காதீங்க, அது வேற பஞ்சாயத்து.)

இந்த வழி ராக்கீஸுக்கு ஒத்துவருமா? யாரை விக்கலாம், பதிலுக்கு எப்படிப்பட்ட பிராஸ்பெக்ட்டை (இன்னும் மேல்மட்டத்துக்கு வராத இளம் ஆட்டக்காரரை) கேக்கணும்? டென்வர் மாதிரி உயரமான ஊர்ல பிட்சரை (பந்து வீசுறவரை) வளர்க்க முடியுமா, இல்ல அது வீண் வேலையா?

---

கம்மனஹள்ளி கட்டர்

தம்பி, ஹூஸ்டன் போன பாதையை 2022-லயே அடைச்சாச்சு. அந்த வருஷம் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துல டிராஃப்ட் லாட்டரி வந்தது. பிளேஆஃப் போகாத 18 அணிக்கும் சீட்டு உண்டு, முதல் 6 இடம் குலுக்கல்ல தீர்மானமாகும். கடைசி மூணு அணிக்கும் ஒரே வாய்ப்பு, தலா 16.5%. அதாவது 119 தோத்தவனுக்கும் 100 தோத்தவனுக்கும் வித்தியாசமே இல்லாம போகலாம். 2024 டிராஃப்ட்ல முதல் இடம் கிளீவ்லாண்ட் கார்டியன்ஸுக்குப் போச்சு, அவங்களுக்கு இருந்த வாய்ப்பு வெறும் 2%.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒண்ணு இருக்கு, பலபேர் கவனிக்கறதில்லை. பணக்கார அணிகள் மத்த அணிகளுக்குக் கொடுக்கிற வருவாய்ப் பகிர்வுல பணம் வாங்குற அணி தொடர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மேல லாட்டரி இடம் எடுக்க முடியாது. பணம் கொடுக்கிற அணின்னா அடுத்தடுத்த ரெண்டு வருஷம்கூட முடியாது. அந்த வரம்புல மாட்டினா எவ்வளவு தோத்தாலும் 10-ஆவது இடத்துக்கு மேல வரமுடியாது. 2024-ல 121 தோத்து சாதனை பண்ண சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2025 டிராஃப்ட்ல எடுத்தது 10-ஆவது ஆளை. ராக்கீஸ் 2024-ல 3-ஆவது இடத்துல சார்லி காண்டனை எடுத்தாங்க, 2025-ல 4-ஆவது இடத்துல ஈதன் ஹாலிடேவை. ரெண்டு வருஷம் ஆச்சு. அதனால 119 தோத்தும் 2026-ல 10-ஆவது இடம்தான்.

முதல் இடம் கிடைச்சாலும் அது பத்திரமான சொத்து கிடையாது. ஹூஸ்டனையே எடுத்துக்குங்க. 2012-ல கார்லோஸ் கொரேயா, சரி. 2013-ல மார்க் அப்பெல். அவர் மேஜர் லீக்ல, அதாவது உச்ச மட்டத்துல, பந்து வீசினது 2022-ல, அதுவும் பிலடெல்ஃபியாவுக்கு. 2014-ல பிரேடி எய்க்கன், மருத்துவப் பரிசோதனைக்கு அப்புறம் பேச்சு முறிஞ்சு கையெழுத்தே ஆகலை. அதுக்கு ஈடாக் கிடைச்ச 2015-ஆம் வருஷ 2-ஆவது இடத்துலதான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். மூணு முதல் இடத்துல ஒண்ணுதான் நேரா பலிச்சது. அந்தப் பக்கம், 2016-ல பிலடெல்ஃபியா முதல் ஆளா எடுத்த மிக்கி மோனியாக்கை 2025 மார்ச்ல ஏஞ்சல்ஸ் வெளிய விட்டாங்க. ராக்கீஸ் சும்மா எடுத்துப் போட்டாங்க, 24 ஹோம் ரன் அடிச்சார்.

டிராஃப்ட்ல நிஜமான வேலை, கையெழுத்துப் போடக் கொடுக்கிற போனஸ் பணத்தைப் பிரிக்கிறதுல இருக்கு. முதல் 10 சுற்றுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலை போட்டிருக்கும், எல்லாத்தையும் கூட்டினா அணியோட மொத்தத் தொகை. அந்த மொத்தத்தை 5% வரைக்கும் தாண்டினா தாண்டின தொகைக்கு 75% வரி. 5%-ஐத் தாண்டினா அடுத்த வருஷ முதல் சுற்று போச்சு. ஆகவே 4.99% வரைக்கும் தாண்டி வரி கட்டுறது புத்திசாலி அணியோட வேலை. ஹூஸ்டன் கொரேயாவுக்கு 72 லட்சம் டாலர் போட்டிருந்த இடத்துல 48 லட்சத்துக்கு முடிச்சாங்க. மிச்சத்துல 41-ஆவது இடத்துல லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுத்தாங்க. அவர் கல்லூரிக்குப் போயிடுவார்னு மத்த அணிகள் விட்டுட்ட பையன்.

லாட்டரி தொடுறது முதல் சுற்றை மட்டும்தான். ரெண்டாம் சுற்றுல இருந்து பழைய தோல்வி வரிசை. 10-ஆவது இடத்துல விலையைக் குறைச்சு ஒத்துக்கிற கல்லூரி ஆட்டக்காரர் ஒருத்தர், ரெண்டாம் சுற்றின் தொடக்கத்துல அதிக விலை கேக்குற பள்ளிப் பையன் ஒருத்தர். 2026-ல ராக்கீஸ் இதைப் பண்ணலைன்னா கோட்டை விட்டாங்கன்னு அர்த்தம். 11-ல இருந்து 20 வரைக்குமான சுற்றுல ஒருத்தருக்கு 1,50,000 டாலர் வரைக்கும் மொத்தத் தொகையில சேராது. அந்த 10 இடத்தையும் சும்மா நிரப்பாம பந்துல வேகம் இருக்கிற, கட்டுப்பாடு இல்லாத பிட்சர்களுக்கே ஒதுக்கலாம்.

---

ஜாலஹள்ளி கைரோ

பிட்சரை வளர்க்கிறது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். டென்வரில் அதைத் தவிர வேறு வழியே கிடையாது என்பதுதான் என் வாதம். காரணத்தைக் காற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராக்கீஸின் மைதானமான கூர்ஸ் ஃபீல்டு சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 82%. சுழலும் பந்து வளைவது காற்றைத் தள்ளுவதால். தள்ளக் காற்று குறைந்தால் வளைவும் அதே விகிதத்தில் குறையும். கடல்மட்டத்தில் 18 அங்குலம் விலகும் கர்வ்பால் இங்கே 14, 15 அங்குலத்தோடு நின்றுவிடும். ஃபாஸ்ட்பாலுக்கும் இதே கதி. பின்சுழலால் 'மேலே ஏறுவது' போலத் தோன்றும் பந்து ஏறாமல் தட்டையாக வந்து மட்டைக்கு நேராக நிற்கிறது. காற்றுத்தடை குறைவு என்பதால் பந்து கொஞ்சம் வேகமாக வந்து சேரும். பிட்சருக்குக் கிடைக்கும் சலுகை அது ஒன்றுதான்.

அடித்த பந்து 400 அடி போக வேண்டியது 420 வரை போகும். அதற்காகவே மைதானத்தைப் பெரிதாகக் கட்டினார்கள்: நடுவில் 415 அடி, இடதுநடுவில் 390. ஹோம் ரன்னைத் தடுக்கப் போட்ட அந்தப் பரப்பில் சாதாரண அடிகளும் விழுந்து உருள்கின்றன. 2002-ல் பந்துகளை ஈரப்பத அறையில் வைக்க ஆரம்பித்த பிறகு வெறியாட்டம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் வளைவு திரும்பி வரவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சின்னசாமியில் பந்து வீச எந்த பௌலர் ஆசைப்பட்டு வருவார்? சின்னசாமி 3,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது, டென்வர் அதற்கும் மேலே. ஏலத்தில் பௌலரால் மறுக்க முடியாது, அதனால் 2025-ல் ஆர்சிபியால் ஹேசல்வுட்டையும் புவனேஸ்வரையும் வைத்துக் கோப்பை அடிக்க முடிந்தது. பேஸ்பாலில் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணிக்கும் கட்டுப்படாதவர்) 'வரமாட்டேன்' என்று சொல்லிவிடலாம். சொல்லாமல் வந்தவர்களின் கதையும் தெரிந்ததுதான். 2000 டிசம்பரில் மைக் ஹாம்ப்டனுக்கு 8 வருஷம் 12.1 கோடி டாலர், டென்னி நீகிளுக்கு 5 வருஷம் 5.1 கோடி. இரண்டும் மூழ்கின. சிகாகோ கப்ஸ் பேட்டர்களை டிராஃப்டில் எடுத்துக்கொண்டு 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டரை 15.5 கோடிக்கு வாங்கிய வழி இங்கே நடக்காது.

மறுபக்கம், டென்வரில் ஜெயித்த ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தை ஆரம்பித்து வீசும் பிட்சர்கள்) யார்? 2010-ல் உபால்டோ ஹிமெனெஸ், 19 வெற்றி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி) 2.88. 2018-ல் கைல் ஃப்ரீலாண்ட், 17 வெற்றி, 2.85. அதே வருஷம் ஹெர்மன் மார்க்கெஸ் 230 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). முதல் இருவரும் உள்ளே வளர்ந்தவர்கள். மார்க்கெஸ் 2016 ஜனவரியில் கோரி டிக்கர்சனைக் கொடுத்து ஆள் மாற்றிக்கொண்ட ட்ரேடில் டாம்பா பேயிலிருந்து ஜேக் மெக்கீயோடு சேர்ந்து வந்த பிராஸ்பெக்ட். அன்றைக்குத் தலைப்பில் வந்த பெயர் மெக்கீ.

எப்படிப்பட்ட பிட்சரைத் தேட வேண்டும்?

காற்றை நம்பாத பந்து வேண்டும். துப்பாக்கிக் குண்டு போல முன்னோக்கிச் சுழலும் வேகமான கைரோ ஸ்லைடர் கடல்மட்டத்திலேயே காற்றால் அதிகம் வளைவதில்லை, புவியீர்ப்பில்தான் இறங்குகிறது. டென்வரில் அதற்கு இழப்பு குறைவு. 86, 88 மைல் வேகத்தில் அது இருந்தால் அந்தப் பையனை மேலே வைக்கலாம். அகலமாகத் துடைத்துக்கொண்டு போகும் ஸ்வீப்பர் மற்ற ஊர்களில் கண்ணுக்கு விருந்து, இங்கே அதன் அங்குலங்கள்தான் முதலில் காணாமல் போகும். பெரிய கர்வ்பாலை மட்டும் நம்பியவர் என்றால் டிராஃப்ட் அட்டையில் ஒரு படி கீழே இறக்க வேண்டும். மெதுவாக வரும் சேஞ்சப்புக்கு ஃபாஸ்ட்பாலோடு 9, 10 மைல் வேக வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். வேக வித்தியாசத்தை உயரம் தின்பதில்லை. தரையோடு உருட்டவைக்கும் பிட்சருக்கு இன்னும் ஒரு மதிப்பெண்.

நடுவில் எங்கே கோளாறு வருகிறது என்றால், ராக்கீஸின் கீழ்மட்ட அணிகள் எல்லாம் தாழ்வான ஊர்களில். ஃபிரெஸ்னோ, ஸ்போக்கேன், பிறகு மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ மட்டத்தில் ஹார்ட்ஃபோர்டு, அது கிட்டத்தட்டக் கடல்மட்டம். ஒரு படி கீழே உள்ள ட்ரிபிள்-ஏ ஆல்புகர்க்கி மட்டும் திடீரென்று 5,000 அடிக்கு மேல். மூன்று வருஷம் ஒரு குறியை வைத்து ஸ்லைடரைப் பழகிய பையனுக்கு அங்கே போனதும் அதே குறியில் பந்து வேறு இடத்தில் முடிகிறது. முனையில் விழ வேண்டியது நடுத் தட்டில் விழுகிறது. ஈஆர்ஏ 7-ஐத் தொடுகிறது, பையன் பந்தை மாற்றுகிறான், கை நோகிறது.

அதைத் தடுக்க ஒவ்வொரு பிட்சருக்கும் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு குறி எழுதிவைக்க வேண்டும்: தாழ்வான ஊருக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. ஊர் மாறிய பிறகு வரும் முதல் புல்பென் (பிட்சர்கள் ஓரமாக வீசிப் பழகும் இடம்) பயிற்சியில் 25, 30 பந்து, குறியைச் சரிசெய்ய மட்டும், முழு வேகம் வேண்டாம். கேட்சருக்கும் அதே அட்டை. ஆல்புகர்க்கியில் ஈஆர்ஏவை யாரும் பார்க்கக் கூடாது. ஸ்ட்ரைக்அவுட் விகிதத்திலிருந்து வாக் (நான்கு தப்பான பந்து வீசி பேட்டரைச் சும்மா விடுவது) விகிதத்தைக் கழித்து வரும் எண்ணையும் தரையடி விகிதத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். சேஸ் டொலாண்டரை 2025-ல் மேலே கொண்டுவந்தபோது வெளியூரில் ஒழுங்காக வீசி டென்வரில் அடி வாங்கினார். பையனிடம் பந்து இருக்கிறது. அவரை விற்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கடைசியாக எண்ணிக்கை. உயரத்தில் ஒரு இன்னிங்ஸுக்கு அதிகப் பந்து வீச வேண்டியிருக்கிறது, உடம்பு மீள்வதும் தாமதம். ஐந்து ஸ்டார்ட்டர் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆப்ஷன் (கீழ்மட்ட அணிக்கு அனுப்பும் உரிமை) மிச்சமிருக்கும் 10, 11 பேரை ஆல்புகர்க்கிக்கும் டென்வருக்கும் சுழற்ற வேண்டும். அத்தனை பேரை டிராஃப்ட் மட்டும் தராது, ட்ரேடில் வரவேண்டும்.

---

சிவாஜிநகர் ஸ்கவுட்

ஜாலஹள்ளிக்காரர் விட்ட இடத்துல இருந்து ட்ரேடை எடுத்துக்கிறேன்.

ராக்கீஸோட பழைய நோய் விக்க வேண்டிய நேரத்துல விக்காதது. 2021 ஜூலையில டிரெவர் ஸ்டோரிக்கு ஒப்பந்தம் முடிய ரெண்டே மாசம், அணி எங்கயோ பின்னாடி, விக்கலை. அவர் போனதும் ஈடா ஒரு டிராஃப்ட் இடம், அவ்வளவுதான். ஜான் கிரேயும் அதே வருஷம் வெளியேறினார், அதுக்கு ஒண்ணுமே இல்லை. 2022 ஜூலையில ஆட்டத்தை முடிச்சுவைக்கிற குளோஸர் டேனியல் பார்டு 37 வயசுல உச்சத்துல இருந்தார். எல்லா அணியும் ரிலீவருக்கு (ஸ்டார்ட்டருக்கு அப்புறம் வந்து வீசுற பிட்சருக்கு) அலையுற மாசம் அது. இவங்க ட்ரேடுக்குப் பதிலா 2 வருஷம் நீட்டிச்சாங்க. அதுக்கு முன்னாடி 2021 பிப்ரவரியில நோலன் அரெனாடோவை அனுப்பினப்ப கூடவே 5 கோடி டாலர் அளவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினாங்க. 2022-ல கிரிஸ் பிரயன்ட்டுக்கு 7 வருஷம் 18.2 கோடி. இதைப் பத்தி எழுதினா ராத்திரி தூக்கம் போயிடும், விட்டுடலாம்.

2025 ஜூலையில கொஞ்சம் மாறினாங்க. ரயன் மெக்மேனை யாங்கீஸுக்குக் கொடுத்து கிரிஃபின் ஹெரிங், ஜாஷ் கிராஸ்னு ரெண்டு பிட்சர் வாங்கினாங்க. பெரிய மீன் இல்லை, திசை சரி.

எதை எப்ப விக்கிறதுன்னா, ரிலீவரை ஜூலை கடைசி வாரத்துல விக்கணும். டிசம்பர்ல அதே ஆளுக்குப் பாதி விலைகூட வராது, ஏன்னா அப்ப ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில ரிலீவர் கிடைக்கிறாங்க. 2023-ல கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் ஒரு வருஷ ஒப்பந்தத்துல எடுத்த அரோல்டிஸ் சாப்மனை ஜூன் 30-லயே டெக்சஸுக்கு வித்து கோல் ரேகன்ஸை வாங்கினாங்க. ஒரு மாசம் முந்திக்கிட்டதால நல்ல பேரம். ஸ்டார்ட்டரும் நிரந்தர பேட்டரும் அணியோட கட்டுப்பாட்டுல ரெண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே போகணும். ஒரு வருஷம் குறைஞ்சா பதிலுக்கு வர்ற பட்டியல்ல முதல் பெயர் கழண்டுடும்.

பதிலுக்கு என்ன கேக்கறது? இங்கதான் அல்சூர்வாசி நினைக்கிறதுக்கு நேர் எதிர். பெரிய பெயருக்குப் பின்னாடி ஓடாதீங்க. ஒயிட் சாக்ஸ் 2016 டிசம்பர்ல கிரிஸ் சேலுக்கு யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக்கை வாங்கினாங்க. ஆடம் ஈட்டனுக்கு ஜியோலிட்டோ, ரேனால்டோ லோபெஸ், டேன் டன்னிங். அடுத்த ஜூலையில குவின்டானாவுக்கு எலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸ். பேப்பர்ல யாரும் இதைவிட நல்லா விக்க முடியாது. கிடைச்சது 2021-ல ஒரு டிவிஷன் பட்டம், மூணே வருஷம் கழிச்சு 121 தோல்வி. வந்த பையன்கள்ல பாதிப்பேர் காயத்துல கிடந்தாங்க, கீழ இருந்து அடுத்த வரிசை வரவே இல்லை. டெட்ராய்ட் 2017-ல வெர்லாண்டருக்கு வாங்கின முதல் பெயர் ஃபிராங்க்ளின் பெரெஸ். தோள் காயத்துலயே காலம் போச்சு. டெட்ராய்ட்டைத் தூக்கினது 2018-ல 9-ஆவது சுற்றுல எடுத்த டாரிக் ஸ்கூபல்.

கப்ஸ் பண்ணதைப் பாருங்க. 2012-ல வயசான ரயன் டெம்ப்ஸ்டருக்கு டெக்சஸ்ல இருந்து கைல் ஹென்ட்ரிக்ஸ். 2013-ல ஸ்காட் ஃபெல்ட்மனுக்கு பால்டிமோர்ல தடுமாறிட்டிருந்த ஜேக் அரியெட்டா, கூட பெட்ரோ ஸ்ட்ரோப். யாரும் டாப் 10 பட்டியல்ல இருந்து கேட்ட ஆள் இல்லை.

ஆகவே கேக்க வேண்டியது மூணு வகை. டபுள்-ஏல 21, 22 வயசுல ஆடிட்டிருக்கிற, ஸ்கவுட்கள் திறமைக்கு மதிப்பெண் போடுற 20-80 அளவுகோல்ல, சராசரிக்குக் கொஞ்சம் கீழ, 45-னு போட்ட பிட்சர்கள், ஒருத்தருக்குப் பதிலா மூணு பேரா. அப்புறம் அணி தன்கிட்டயே காப்பாத்திக்கிற 40 பேர் பட்டியல்ல இடம் இல்லாம நெரிசல்ல மாட்டின ஆட்கள். 18 வயசுலயோ அதுக்கு முன்னாடியோ கையெழுத்துப் போட்டவனை 5 சீசன்லயும் 19 வயசுலயோ அதுக்கு மேலயோ போட்டவனை 4 சீசன்லயும் பட்டியல்ல சேர்க்கணும், இல்லைன்னா ரூல் 5 டிராஃப்ட்ல வேற அணி எடுத்துட்டுப் போயிடலாம். ராக்கீஸ் பட்டியல்ல இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நவம்பர்ல டாட்ஜர்ஸ், டாம்பா மாதிரி நிறைஞ்ச அணிகளோட நெரிசலைப் பாதி விலைக்கு வாங்கலாம். மூணாவது, ரூல் 5-லயே எடுக்கிறது: 1,00,000 டாலர், வருஷம் பூரா 26 பேர் அணியில வச்சிருக்கணும், முடியலைன்னா 50,000-க்குத் திருப்பிக் கொடுக்கலாம். எப்படியும் தோக்கப்போற வருஷத்துல புல்பென்ல ஒரு மூலையை அதுக்கு ஒதுக்க என்ன தயக்கம்?

மருத்துவ ஆவணத்தைப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. பிட்சர்னா தோள், முழங்கை ரெண்டுக்கும் புது ஸ்கேன். முழங்கை அறுவை சிகிச்சை முடிஞ்சு 14, 15 மாசம் ஆனவனை வாங்கலாம். தோள்னா நான் கதவைச் சாத்திடுவேன்.

---

அல்சூர்வாசி

லாட்டரி விதி இவ்வளவு இறுக்கம்னு தெரியல. அப்ப 100 தோல்வியைத் தேடிப் போறதுல பிரயோஜனமே இல்லை.

சரி, இருக்கிறவங்களை என்ன பண்றது? கேட்சர் ஹன்டர் குட்மன் 2025-ல 31 ஹோம் ரன், ஆல்-ஸ்டார். ஷார்ட்ஸ்டாப் எசிக்கியேல் டோவர். சென்டர்ல பிரென்டன் டாயில். மூணு பேரையும் வித்தா பத்து பிட்சர் வருமே? அப்புறம் காண்டன், ஹாலிடே மாதிரி பையன்களை எப்ப மேல கொண்டுவரணும்?

---

கேஆர்புரம் 172

ஒவ்வொண்ணா.

டாயிலை விக்காதீங்க. 2023, 2024 ரெண்டு வருஷமும் கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது). அந்த மைதானத்துல ஓடிப் பிடிக்கிற சென்டர் ஃபீல்டர் இல்லாம பிட்சரை வளர்க்கிறேன்னு சொன்னா பையன்கள் மனசு ஒடிஞ்சிடும். டோவருக்கு 2024 மார்ச்ல 7 வருஷம் 6.35 கோடின்னு போட்டாச்சு, அது அணிக்கு லாபமான ஒப்பந்தம். குட்மன் விஷயத்துல மட்டும் பேரம் பேசலாம். கேட்சர் கிடைக்கிறது அரிது, பெரிய விலை வரும். ஆனா மேஜர் லீக்குக்குப் பக்கத்துல இருக்கிற பிட்சர் ரெண்டு பேராவது கிடைக்கலைன்னா போனை வச்சிடணும்.

மேல கொண்டுவர்ற நேரம். மேஜர் லீக்ல 172 நாள் இருந்தா ஒரு வருஷக் கணக்கு. ஆறு வருஷம் ஆனா ஃப்ரீ ஏஜென்ட். 2015-ல கப்ஸ் கிரிஸ் பிரயன்ட்டை ஏப்ரல் 17-க்குக் கொண்டுவந்து 171 நாள்ல நிறுத்தி ஒரு வருஷம் கூட்டிக்கிட்டாங்க. அவர் நடுவர்கிட்ட முறையிட்டு 2020-ல தோத்தார். இப்ப அந்தத் தந்திரத்துக்கு மதிப்பு குறைஞ்சாச்சு. ரூக்கி (முதல் வருஷ ஆட்டக்காரர்) விருது ஓட்டுல முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தா எப்ப வந்திருந்தாலும் முழு வருஷம் கிடைச்சிடும். 2024-ல மே மாசம் வந்த பால் ஸ்கீன்ஸுக்குக் கிடைச்சது. டாப் 100 பட்டியல்கள்ல இருக்கிற பையனை சீசன் ஆரம்பத்துலயே கொண்டுவந்து அவன் ரூக்கி விருது ஜெயிச்சா அணிக்கு முதல் சுற்று முடிவுல கூடுதல் டிராஃப்ட் இடம் உண்டு. 2022-ல ஹூலியோ ரொட்ரிகெஸால சியாட்டிலுக்கு அப்படி ஒண்ணு வந்தது. லாட்டரியில அடைபட்ட அணிக்கு அந்த ஒரு இடம் தங்கம்.

அதுக்காக அவசரமும் வேண்டாம். ஜாக்சன் ஹாலிடே 2022-ல முதல் ஆள், எல்லாப் பட்டியல்லயும் முதல் பெயர். 2024 ஏப்ரல்ல வந்து 34 தடவை மட்டை பிடிச்சு 2 ஹிட். பத்தே ஆட்டத்துல திருப்பி அனுப்பினாங்க. அவர் தம்பிதான் ஈதன், அதுவரைக்கும் பள்ளி ஆட்டக்காரர்களுக்குக் கிடைச்ச போனஸ்லயே அதிகம், 90 லட்சம் டாலர். 2025-ல டிராஃப்ட் ஆன பையன் 2028-க்கு முன்னாடி டென்வர்ல வேண்டாம். காண்டன் கல்லூரியில ஆடி வந்தவர், அவருக்கு வேற கடிகாரம். டபுள்-ஏல ஸ்ட்ரைக்அவுட் 25%-க்குக் கீழ இருந்து, ஜோனுக்கு வெளிய போற ஸ்லைடரைத் துரத்தாம இருந்தா ஏத்துங்க. ஆல்புகர்க்கியில அடிச்ச ஹோம் ரன்னைக் காரணமா வச்சு ஏத்தாதீங்க. பேட்டருக்கு உயரத்தால வர்ற தொல்லை இன்னொண்ணு: டென்வர்ல ஒரு வாரம் தட்டையான பந்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு, வெளியூர் போனதும் ஸ்லைடர் திடீர்னு நாலு அங்குலம் அதிகம் வளையுது. ராக்கீஸ் பேட்டர்கள் வெளியூர்ல சுருண்டுபோறதுக்கு இதுவும் ஒரு காரணம். வெளியூர்த் தொடர் ஆரம்பிக்கிற அன்னைக்கு மெஷின்ல கடல்மட்ட ஸ்லைடரை வச்சு 40 பந்து ஆடவிடணும்.

---

ஹெப்பால் ஹார்டுவேர்

எல்லாம் சரி. ஆனா முதலாளி டிக் மான்ஃபோர்ட். 2025-லயும் மைதானத்துக்கு 20 லட்சத்துக்கு மேல ஆள் வந்தாங்க. தோத்தாலும் மலையைப் பார்த்துக்கிட்டு பீர் குடிக்க வர்றாங்க. அவருக்கு எதுக்கு அவசரம்? அதோட பால்டிமோர் ஞாபகம் இருக்கட்டும். 2018-ல 115 தோல்வி, 2023-ல 101 வெற்றி, 2025-ல 75-87. அவங்ககிட்ட பிராஸ்பெக்ட்டுக்குக் குறைவா?

---

ஜாலஹள்ளி கைரோ

பால்டிமோர் உதாரணம் என் பக்கத்தைத்தான் தாங்குகிறது. ரட்ச்மன், ஹென்டர்சன், ஹாலிடே என்று டிராஃப்டின் மேல் இடங்களையெல்லாம் பேட்டர்களுக்கே கொடுத்தார்கள். பிட்சரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். 2024-ல் ஒரு வருஷத்துக்கு கார்பின் பர்ன்ஸை ட்ரேடில் எடுத்தார்கள், அவர் அடுத்த குளிர்காலத்தில் 21 கோடிக்கு அரிசோனா போய்விட்டார். அந்த இடம் காலியாகவே கிடந்தது. பால்டிமோருக்காவது அடுத்த பிட்சரை வாங்கும் வாய்ப்பு இருந்தது. டென்வருக்கு அதுவும் இல்லை.

முதலாளியைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் சொன்ன இரண்டு குறி அட்டை, புல்பென் பயிற்சி, ஹார்ட்ஃபோர்டிலும் ஆல்புகர்க்கியிலும் ஆளுக்கொரு பிட்சிங் ஆய்வாளர், எல்லாம் சேர்த்தாலும் ஒரு நடுத்தர ரிலீவரின் வருஷச் சம்பளத்துக்குள் அடங்கும்.

---

அல்சூர்வாசி

அப்ப 2026-ல காலை 6:10 ஆட்டத்துல ஸ்கோரைப் பார்க்காம வேற எதைப் பார்க்கணும்?

---

சிவாஜிநகர் ஸ்கவுட்

டொலாண்டர் டென்வர்ல வீசுற நாள்ல, ரெண்டு ஸ்ட்ரைக் ஆனதும் ஸ்லைடர் எங்க விழுதுன்னு பாருங்க. நடுத் தட்டுல விழுந்தா இன்னும் குறி சரியாகலை. ஜூலை கடைசியில எத்தனை ரிலீவர் போறாங்க, பதிலுக்கு வர்றவங்க பிட்சரா பேட்டரான்னு எண்ணுங்க. அப்புறம் நவம்பர்ல 40 பேர் பட்டியலை எத்தனை இடம் காலியா வச்சிருக்காங்கன்னு பாருங்க. நாலு இடமாவது இல்லைன்னா நெரிசல் சந்தைக்கு அவங்க வரவே இல்லைன்னு எடுத்துக்கலாம்.